இரண்டாவது கன்ட்ரோலர் ஏன் போகவில்லை

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கி ஏற்காட்டுக் காப்பித் தொழில் மழையின் அளவைப் போலவே மழை வரும் நேரத்தையும் நம்பி நடக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை கைகொடுத்தால்தான் பூ காயாகும். மழைக் கணக்கு எழுதாமல் காப்பித் தோட்டம் நடத்துவது கடினம். அந்தக் கணக்கை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி தினமும் காலை 8.30-க்கு மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பது. மழை எத்தனை மணிக்கு வந்தது, ஒரே மூச்சில் கொட்டியதா, இரவு முழுக்கத் தூறியதா என்பதெல்லாம் அந்தக் குவளைக்குத் தெரியாது. மற்றொன்று, 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் கிறிஸ்டோபர் ரென் யோசித்த கவிழும் வாளி. குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் சிறு கிண்ணம் ஒன்று தானாகக் கவிழ்ந்து, கவிழ்ந்த செய்தியை அந்தக் கணமே தெரிவித்துவிடும். முதல் வழியில் ஆள் போய்க் கேட்கிறார். இரண்டாவதில் மழையே வந்து சொல்கிறது. கணினித் தொழிலில் முதலாவதற்குப் போலிங் என்றும், இரண்டாவதற்கு இன்டரப்ட் என்றும் பெயர். போலிங்குக்குச் சொல்லும்படியான வரலாறு கிடையாது. இன்டரப்டுக்கு உண்டு, அதில் எனக்குச் சுவையாகப் படுவது, வந்த செய்தியை வாங்கி யாருடையது என்று பிரித்துக்கொடுக்கும் இடைத்தட்டின் வரலாறு.

மலைமேல் மின்கலத்தில் ஓடும் தானியங்கி மழைமானி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிண்ணம் கவிழும்போது அதில் ஒட்டிய காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து போகிறது. சுவிட்ச் கணநேரம் மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்பு சிப்பின் ஒரு காலில் போய்ச் சேர்கிறது. அந்தக் கால், இன்னும் பல கால்களோடு சேர்ந்து, ஜிபிஐஓ என்ற பொதுக் கால்களின் தொகுதிக்குக் கட்டுப்பட்டது. அந்தத் தொகுதி தன் பங்குக்கு இன்டரப்ட் கன்ட்ரோலர் ஒன்றுக்குத் தகவல் தருகிறது. கன்ட்ரோலர் செயலியின் மையத்தை எழுப்புகிறது. எழுந்த மையம் வந்தது யார் என்று கன்ட்ரோலரிடம் கேட்டு, பிறகு எந்தக் கால் என்று தொகுதியிடம் கேட்டு, கடைசியில் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி உறங்கப் போகிறது. ஒரு சொட்டுக் கணக்குக்கு இத்தனை தட்டுகளா என்று தோன்றும். மையத்துக்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கும் இந்த இரண்டாம் தட்டு பிறந்தது கால் பற்றாக்குறையால்தான். ஆனால் பற்றாக்குறை தீர்ந்த பிறகும் அது நீடிப்பதற்குப் பழைய வழக்கத்தைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மையத்தைச் செய்கிறவருக்கும், அதைச் சுற்றி மற்றதை எல்லாம் கட்டுகிறவருக்கும் நடுவில் அது எல்லைக்கல்லாக நிற்கிறது. சென்னையில் உருவான சக்தி செயலியின் கதை இதற்கு நல்ல சான்று.

ஆரம்பத்தில் இன்டரப்டே சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டது. 1954-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகம் கட்டிய டைசியாக் கணினியில், வெளிச்சாதனம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தித் தன் பக்கம் திருப்ப வழி செய்யப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யூனிவாக் 1103ஏ அதை விற்பனைக் கணினிக்குக் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 வடிவமைக்கப்பட்டபோது, லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இரு வன்பொருள்காரர்கள் இன்டரப்ட் வைக்கலாம் என்றார்கள். நிரல் எழுதும் பொறுப்பிலிருந்த டைக்ஸ்ட்ரா கலங்கிப்போய் இழுத்தடித்தார். அவர் பயம் நியாயமானது. அதுவரை ஒரே நிரலை ஒரே தரவோடு இரண்டு முறை ஓட்டினால் ஒரே வழியில் ஓடும். வெளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒருவர் குறுக்கே வரலாம் என்றாகிவிட்டால், பிழை ஒன்று தலைகாட்டும்போது அதை மறுபடி வரவழைத்துப் பார்க்கவே முடியாமல் போகலாம். கடைசியில் சம்மதித்து, எக்ஸ்1-இன் இன்டரப்ட் நிரலை அவரே எழுதினார்; 1959-இல் வந்த அவருடைய முனைவர் ஆய்வேடும் இதைப் பற்றியதுதான். யார் எப்போது குறுக்கிடலாம் என்பதைத் தனியாக ஒருவர் கவனித்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிலேயே வேர்விட்டது.

அந்த ஒருவர் தனிச் சிப்பாக வந்தது 1970-களில். இன்டெலின் 8259 என்ற 28 கால் சிப்பின் வழியே எட்டுப் பேர் குறுக்கிடலாம். எட்டுப் பேரில் யார் முந்தி என்று அது தீர்மானித்து ஒரே ஒரு கம்பியில் செயலியைத் தட்டும். எட்டு போதாதென்றால், அந்த எட்டுக் கம்பிகளில் ஒன்றில் இன்னொரு 8259-ஐக் கோத்துக்கொள்ளலாம். இப்படியே கோத்துக்கொண்டு போனால் 64 வரை இடம் உண்டு. 1981-இல் வந்த ஐபிஎம் பீசியில் ஒரு 8259 இருந்தது. 1984-இல் வந்த பீசி ஏடியில் எட்டு போதவில்லை. இரண்டாவது 8259-ஐ முதலாவதன் 2-ஆம் கம்பியில் கோத்தார்கள். அந்தக் கம்பியை ஏற்கெனவே பயன்படுத்திய விரிவு அட்டைகள் என்ன ஆகும்? அட்டைச் செருகியில் அந்தப் பழைய காலை இரண்டாவது சிப்பின் 9-ஆம் கம்பிக்குத் திருப்பிவிட்டு, 9 வந்தால் 2 வந்ததாகப் பாவித்துப் பழைய நிரலையே கூப்பிடும்படி கணினியின் அடிப்படை நிரலான பயாஸில் ஒரு சிறு ஏற்பாடு செய்தார்கள். இது ஒட்டுப்போட்ட வேலை என்பதில் சந்தேகமில்லை. அதன் விளைவுகளைப் பாருங்கள்: 2-ஆம் இடத்தில் இரண்டாவது சிப் உட்கார்ந்ததால், 8 முதல் 15 வரையுள்ள அத்தனை பேரும் 3-ஐயும் 4-ஐயும் முந்திக்கொண்டார்கள். 3-உம் 4-உம் தொடர்வரிசைத் துறைகள், அதாவது மோடம் மாட்டிய இடம். 14 ஹார்ட் டிஸ்க். 9,600 பாடு வேகத்தில் மோடம் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு ஓர் எழுத்தைத் தள்ளுகிறது. அன்றைய தொடர்வரிசைச் சிப்பில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். தாமதத்தைப் பொறுக்கக்கூடிய டிஸ்க் முன்வரிசையிலும், பொறுக்க முடியாத மோடம் பின்வரிசையிலும் நின்றன. 1990-களில் லினக்ஸ் வைத்திருந்தவர்களிடம் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்கென்றே ஒரு சிறு நிரல் புழங்கியது. அதோடு, இரண்டாவது சிப் வழியே வந்த அழைப்பென்றால், வேலை முடிந்தது என்று இரண்டு சிப்புகளுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது சிப் பொய்யாக அழைத்துவிட்டு யாரும் இல்லை என்று ஆகிவிட்டால் முதலாவதற்கு மட்டும் சொல்ல வேண்டும். இதை மறந்த நிரல்கள் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் விறைத்து நின்றன. டைக்ஸ்ட்ரா பயந்தது இந்த மாதிரிப் பிழைக்குத்தான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த யாருக்கும் 8259 புதிதல்ல. கடையில் வாங்கும் கணினியில் அது பெரிய சிப்புக்குள் கரைந்து போன பிறகும், நுண்செயலிப் பாடத்தில் இன்டரப்ட் கன்ட்ரோலர் என்ற தலைப்பில் அதன் கட்டளைச் சொற்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த தலைமுறைகள் இங்கே உண்டு. காலம்கடந்த பாடம் என்று இதைக் கேலி செய்வது எளிது. நானும் அப்படி நினைக்கத் தயாரானவன்தான். ஆனால் அந்தப் பாடத்தில் கோத்தல் என்ற கருத்து ஒன்று இருந்தது: ஒருவர் பலருக்காகப் பேசலாம், அந்தப் பலரில் ஒருவர் இன்னும் பலருக்காகப் பேசலாம். கால் எண்ணும் கட்டளைச் சொல்லும் மறைந்தாலும் இந்தக் கருத்து மறையவில்லை. 2014-இல் சென்னை ஐஐடியின் கணினி அறிவியல் துறையில், பேராசிரியர் வி. காமகோடியின் குழு சக்தி என்ற பெயரில் சொந்தச் செயலி வரையத் தொடங்கியபோது, ஐபிஎம்முக்கு இருந்த பழைய அட்டைகளின் சுமை எதுவும் அவர்களுக்கு இல்லை. கட்டளைத் தொகுப்புக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 2010-இல் பெர்க்லியில் பிறந்து யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ். வரைபடத்தையும் பிஎஸ்டி உரிமத்தில் திறந்தே வைத்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் ரைஸ்கிரீக் என்ற சிப் உருவாகி, அதில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் ரிமோ வந்தது. 2020-இல் அதே ஆலையில் மூஷிக் வந்தது. எடைபோடும் கருவி, ஸ்மார்ட் கார்டு போன்ற சிறு சாதனங்களுக்காக. மழைமானியும் அந்த வகையறாதான்.

வெற்றுத் தாளில் தொடங்கிய அந்தக் குழு இன்டரப்டுக்கு என்ன செய்தது? உலகம் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த பிரிவையே எடுத்துக்கொண்டது. ரிஸ்க்-ஃபைவ் மையத்துக்குள் நுழையக் கம்பிகள் சொற்பம்: எந்திர நிலையில் மென்பொருள் அழைப்புக்கு 3, கடிகாரத்துக்கு 7, வெளியிலிருந்து வரும் மற்ற எல்லோருக்கும் சேர்த்து 11. அந்த 11-ஆம் கம்பியின் மறுமுனையில் பிளிக் என்ற கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. 1,023 பேர் வரை அதில் இணையலாம். ஒவ்வொருவருக்கும் முன்னுரிமை எண் தரலாம், குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே உள்ளவர்களை வாய்மூடச் சொல்லலாம். மையம் ஒரு பதிவேட்டைப் படித்தால் இப்போது கவனிக்க வேண்டியவரின் எண் வரும். வேலை முடிந்ததும் அதே எண்ணை அதே இடத்தில் திருப்பி எழுத வேண்டும். யாரும் இல்லையென்றால் 0 வரும். 8259 பொய்யழைப்பை ஒரு நிஜ எண்ணுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததோடு இதை ஒப்பிட்டால், முப்பது நாற்பது ஆண்டுகளில் தொழில் எதைக் கற்றுக்கொண்டது என்பது புரியும். கோத்தலை விடவில்லை, கோத்த இடத்தில் மூடி மறைப்பதை விட்டுவிட்டது.

இதே நேர்மை இயங்குதளத்தின் பக்கத்திலும் வந்தது. 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ஸெஃபிர், சக்தியின் சிறிய ரகமான இ-வகுப்புச் செயலிகள் ஓட்டக்கூடிய இயங்குதளங்களில் ஒன்று. அதன் பார்வையில் ரிஸ்க்-ஃபைவில் முதல் தட்டு மையமே. பிளிக் இரண்டாம் தட்டு. இரண்டு தட்டின் எண்களையும் ஒரே எண்ணுக்குள் அடுக்கி வைக்கிறது. வழக்கமான அமைப்பில் தட்டுக்கு 8 பிட். பிளிக்கில் 5-ஆம் இடத்தில் உள்ள சாதனத்தைக் கேட்டால், ஸெஃபிருக்கு அது 1547. கணக்கு இதுதான்: 5-உடன் 1 கூட்டி 6, அதை 256-ஆல் பெருக்கி 1536, அதில் பிளிக் தொங்கும் 11-ஐச் சேர்த்தால் 1547. ஒன்றைக் கூட்டுவது ஏன் என்றால், இரண்டாம் இடத்தில் 0 இருந்தால் இரண்டாம் தட்டே இல்லை என்று பொருள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தாலே யார் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெரிகிறது. சாதனங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பிலும் இதே ஒழுங்குதான்: மழைமானி தன் இன்டரப்ட் பெற்றோர் ஜிபிஐஓ தொகுதி என்று சொல்லும், தொகுதி பிளிக்கைக் காட்டும், பிளிக் மையத்தைக் காட்டும். 1984-இல் பயாஸின் மூலையில் ஒளிந்திருந்த ஏற்பாடு இங்கே எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. சக்தியின் மையத்தை வரைந்தவர் மழைமானியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். மழைமானியைக் கட்டுகிறவரும் மையத்தின் உள்ளறைகளுக்குள் போக வேண்டாம். இருவரும் 11-ஆம் கம்பியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு. அதிலும் வலுவான மறுப்பு சிறு சாதனக்காரர்களிடமிருந்தே வருகிறது. ஏஆர்எம் நிறுவனம் 2004-இல் கார்டெக்ஸ்-எம்3 செயலியை அறிவித்தபோது, இன்டரப்ட் கன்ட்ரோலரை மையத்தோடு ஒட்டியே வைத்தது. 240 வெளி இன்டரப்டுகள் வரை நேரே இணையலாம். யார் அழைத்தாரோ அவருக்கான நிரலின் வாசலுக்கே மையம் 12 சுழற்சிகளில் போய் நிற்கும், பதிவேடு படிக்கும் வேலை இல்லை. பிளிக்கில் அப்படி முடியாது. பொது வாசலில் நுழைந்து, சிப்புக்குள் இருக்கும் பொதுத் தரவுப் பாதை வழியே பிளிக்கைப் படித்து, அட்டவணையில் தேடி, அதன் பிறகே உரிய நிரலுக்குப் போக வேண்டும். ரிஸ்க்-ஃபைவ்காரர்களே இதை ஒப்புக்கொண்டு, சிறு சாதனங்களுக்கு கிளிக் என்ற வேறு ஏற்பாட்டை முன்மொழிந்தார்கள். பெரிய கணினிகளுக்கு ஏஐஏ என்ற புதிய விதிநூல் 2023-இல் உறுதியானது. அப்படியானால் இரண்டாம் தட்டு தோற்ற யோசனைதானே?

தட்டு போய்விட்டதா என்று பார்த்தால் விடை வேறாக வருகிறது. கார்டெக்ஸ்-எம் மையத்தை வாங்கிச் சிப் செய்கிறவர்களில் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 வரிசை நம் ஊர் மாணவர்களிடமும் புழங்குவது. அதில் பல ரகங்களில் 5 முதல் 9 வரையுள்ள வெளிக்கால் கம்பிகள் ஐந்துக்கும் மையத்தில் ஒரே இன்டரப்ட். 10 முதல் 15 வரை ஆறுக்கும் இன்னொன்று. எந்தக் கால் என்பதை நிரல் தனியாக ஒரு பதிவேட்டில் போய்ப் பார்க்க வேண்டும். மையத்தில் 240 இடங்கள் இருக்கலாம் என்ற நிலையிலும் சிப்பைக் கட்டியவர் தன் பக்கத்தில் ஒரு தட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டார். வேகத்துக்காக ஒரு தட்டை மையத்துக்குள் இழுத்துக்கொண்டால், அடுத்த தட்டு வெளியே முளைக்கிறது. அது பற்றாக்குறையின் அடையாளமாக மட்டும் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

வேகக் குறை பற்றிய கவலைக்கு அளவும் தேவை. 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும் கிண்ணம், மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற பேய்மழையில் மணிக்கு 500 முறை கவிழும், 7.2 நொடிக்கு ஒருமுறை. நொடிக்கு 7.5 கோடி சுழற்சியில் ஓடும் மூஷிக் போன்ற சிப்புக்கு இரண்டு கவிழ்ப்புகளுக்கு நடுவே 54 கோடி சுழற்சிகள் கிடைக்கின்றன. அதில் பிளிக்கைப் படிக்கச் சில பத்துச் சுழற்சிகள் போனால் போகட்டும். மழைமானியில் கணக்கைக் கெடுப்பது தாமதம் இல்லை, துள்ளல். ரீட் சுவிட்ச் ஒருமுறை மூடும்போது அதன் இதழ்கள் அதிர்ந்து பலமுறை தொட்டு விலகும். அத்தனையையும் எண்ணிவிட்டால் தூறல் அடைமழையாகிவிடும். இரண்டாம் தட்டு இங்கேயும் கொஞ்சம் உதவுகிறது. பிளிக்கின் வாயிற்காவல் பகுதி ஒரு கோரிக்கையை உள்ளே விட்டால், அது முடிந்தது என்று மையம் சொல்லும்வரை அதே இடத்திலிருந்து அடுத்ததை விடாது. நடுவில் வரும் விளிம்புகளைத் தள்ளிவிடலாம் அல்லது எண்ணி வைக்கலாம் என்று விதி சொல்கிறது. எது வேண்டும் என்பது சிப்பைக் கட்டுகிறவரின் முடிவு. மோட்டாரின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் சாதனத்தில், ஒவ்வொரு சுழற்சியும் கணக்கில் வரும் இடத்தில், பிளிக் சரியான தேர்வு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கிளிக் போன்றது தேவை. ஒரே விடை எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தும் என்று வாதிட எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு மறுப்பு பொறியியலைத் தாண்டியது. சுதேசிச் செயலி என்கிறோம். கட்டளைத் தொகுப்பு பெர்க்லியுடையது, இன்டரப்ட் பிரிவினையும் வெளியே எழுதப்பட்ட விதிநூல். இதில் நம்முடையது என்ன? சொந்தமாக ஒரு கன்ட்ரோலரை வரைவது சக்திக் குழுவுக்குக் கடினமாக இருந்திருக்காது. கடினம் அதற்கடுத்த நாள் தொடங்கும். ஸெஃபிர், ஃப்ரீஆர்டிஓஎஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்கள் ஒவ்வொன்றிலும் அந்தக் கன்ட்ரோலருக்கான நிரலைச் சொந்தமாக எழுதி, ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் அது உடையாமல் காக்க வேண்டும். பிளிக் எழுதப்பட்ட விதிப்படி இருந்தால் அந்த நிரல் ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில் வரைந்த சிப்பும் கலிஃபோர்னியாவில் வரைந்த சிப்பும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனால், கல்லுக்கு உள்ளே என்ன கட்டுவது என்பதில் ஒவ்வொருவரும் சுதந்திரமாக இருக்கலாம். சக்திக் குழு தன் உழைப்பை மையத்தின் உள்ளமைப்பிலும் பாதுகாப்பிலும் போட்டது. கல்லை நகர்த்துவதில் வீணாக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தை எதிர்ப்பவர் ஒரு நிஜ உதாரணத்தைக் காட்ட முடியும்: இஸ்ரோவின் விக்ரம் செயலி. அதன் கட்டளைத் தொகுப்பே இஸ்ரோவின் சொந்தம். 16 பிட் விக்ரம் 1601 பல ஆண்டுகளாக ராக்கெட்டுகளில் பறந்து நம்பகமானது. அதற்கான விலையையும் இஸ்ரோ கொடுத்திருக்கிறது: ஆடா மொழிக் கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் அனைத்தையும் உள்ளேயே செய்துகொண்டது. ராக்கெட்டுக்கு அந்த விலை கட்டுப்படியாகும். எடைபோடும் கருவி செய்கிற ஓர் ஓசூர்க்காரருக்கோ சேலத்துக்காரருக்கோ கட்டுப்படியாகாது.

இந்த இரண்டு வழிகளிலும் இஸ்ரோவே நடந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் சேர்ந்து ஐரிஸ் என்ற விண்வெளிக் கன்ட்ரோலர் சிப்பை அறிவித்தன. அதன் அடிப்படை சக்தி. தயாரித்தது சண்டிகர் எஸ்சிஎல். பலகையில் பொருத்தியது சென்னையில். அடுத்த மாதமே அதே எஸ்சிஎல்லிலிருந்து இன்னும் இரண்டு 32 பிட் செயலிகள் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒன்று விக்ரம் 3201, பழைய விக்ரமின் வாரிசு, சொந்தக் கட்டளைத் தொகுப்பு. மற்றொன்று கல்பனா 3201. அது ஸ்பார்க் என்ற பொதுத் தரத்தின்படி வரையப்பட்டது. திறந்த மூலக் கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அப்படி வரைந்தார்கள்.